'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். 'கோ, வென்ட், கான்', 'குட், பெட்டர், பெஸ்ட்' எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தாய் என்று நாலு வரி எழுதச் சொன்னால் 'எஸ்டர்டே ஐ ஆம் கோ டு பாட்டி ஹவுஸ்' என்று எழுதுகிறாள். நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். எனக்குத் தெரிந்ததைத் தமிழில் விளக்கிச் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளியிலோ, வீட்டில் தமிழில் சொல்வதால்தான் அவளுக்கு இங்கிலீஷ் வரவில்லை, நிறுத்துங்கள் என்கிறார்கள். நிறுத்திவிடட்டுமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

நிறுத்தாதீர்கள். உங்கள் மகள் எழுதிய அந்த ஒரு வரியே அதற்குக் காரணம் சொல்கிறது.

'ஐ ஆம் கோ' என்று ஏன் எழுதுகிறாள்? அவள் மனதில் 'ஐ ஆம்' என்பது ஒரே சொல், அதற்குப் பொருள் 'நான்'. முதல் வகுப்பில் 'ஐ ஆம் எ கேர்ள்' என்று தொடங்கியிருப்பார்கள். நாம் 'நான் ஒரு பெண்' என்கிறோம், அங்கே வினைச்சொல்லே கிடையாது. 'ஆம்' என்ற அந்தத் துண்டுக்குத் தமிழில் எதுவும் கிடைக்காததால் பிள்ளை அதை 'ஐ'யோடு ஒட்டிவைத்துக்கொள்கிறது. இதைத் தமிழில் சொல்லாமல் வேறு எப்படி விளங்கவைப்பது? நூறு முறை சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தாலும் ஒட்டியது பிரியாது.

நான் படித்த பள்ளியில் டென்ஸ் என்றால் பன்னிரண்டு கட்டம். சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிரசன்ட் பர்ஃபெக்ட், பாஸ்ட் பர்ஃபெக்ட் என்று வரிசையாக ஒப்பிப்போம். தமிழில் காலம் மூன்று, தொல்காப்பியம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே மீதி ஒன்பதும் நமக்குச் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு என்று புரிய எனக்குப் பல வருஷங்கள் ஆயின. யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்றும் உண்டு.

பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் 'மாமா வந்திருக்கிறார்' என்று சொல்லிப் பாருங்கள். பையைப் போட்டுவிட்டு உள்ளே ஓடும். 'மாமா வந்திருந்தார்' என்றால் முகம் வாடிவிடும். வந்தார், போய்விட்டார் என்று அதற்குத் தெரியும். 'இரு' என்ற ஒரு துணைவினையை வைத்து இவ்வளவு நுட்பமாகக் காலத்தைப் பிரிக்கத் தெரிந்த பிள்ளைக்கு 'ஹேஸ் கம்' புரியாதா? 'வந்திருக்கிறார்', அவ்வளவுதான். 'வந்துகொண்டிருக்கிறார்' என்பது 'இஸ் கமிங்'. ஆனால் 'வந்திருந்தார்' என்று வரும் இடத்தில் எல்லாம் 'ஹேட் கம்' போடக் கூடாது. பக்கத்தில் இன்னொரு கடந்தகாலச் செய்தி இருந்து, அதற்கும் முன்னால் நடந்தது இது என்று காட்டுவதற்குத்தான் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'ஹேட்' வரும். 'நான் வீட்டுக்கு வருவதற்குள் மாமா கிளம்பிவிட்டார்' என்பது மாதிரி.

இப்படி இரண்டு மொழியும் பிரியும் இடங்கள்தான் நம் பிள்ளைகள் வழுக்கும் இடங்கள். 'போன வருஷம் மதுரைக்குப் போயிருக்கிறேன்' என்கிறோம், தமிழில் குற்றமில்லை. ஆங்கிலத்தில் 'லாஸ்ட் இயர்', 'எஸ்டர்டே' என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லிவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது, நேராக 'வென்ட்' போட வேண்டும். அதேபோல, 'அப்பா தினமும் ஆறு மணிக்கு வருவார்' என்பது நமக்கு வழக்கம். அதை அப்படியே 'வில் கம்' என்று எழுதுவாள். அங்கே 'கம்ஸ்' தான் வேண்டும். நம் எதிர்காலம் பழக்கத்தையும் சேர்த்துச் சொல்லும், அவர்களுடையது பொதுவாக அப்படிச் சொல்லாது. இந்த வித்தியாசத்தைத் தமிழ் தெரிந்தவர்தான் எடுத்துக்காட்ட முடியும்.

அடுத்து 'டிட் நாட் வென்ட்'. உங்கள் மகளும் எழுதுவாள், எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அப்போது அவளிடம் கேளுங்கள்: 'நேற்று ஸ்கூலுக்குப் போனவில்லை என்று சொல்வாயா?' சிரிப்பாள். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அப்படிச் சொல்லாது, 'போகவில்லை' என்றுதான் சொல்லும். 'இல்லை' வந்தவுடன் 'போன' என்ற இறந்தகாலம் கழன்று வெறும் 'போக' நிற்கிறது. ஆங்கிலத்திலும் அதுவேதான். 'டிட் நாட்' வந்தவுடன் 'வென்ட்' கழன்று 'கோ' ஆகிவிடும். ஒரு வித்தியாசம், அங்கே காலத்தை 'டிட்' சுமக்கிறது. எனக்குத் தெரிந்து இதைவிட எளிய விளக்கம் இல்லை.

அட்ஜெக்டிவ் விஷயத்துக்கு வருகிறேன். தமிழில் சொல் மாறாது. சின்ன வீடு, அதைவிடச் சின்ன வீடு, தெருவிலேயே சின்ன வீடு. 'சின்ன' அப்படியே இருக்கிறது; 'விட', 'இலேயே' இரண்டும் வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் அந்த வேலை சொல்லின் வாலுக்குப் போகிறது: ஸ்மால், ஸ்மாலர், ஸ்மாலஸ்ட். பியூட்டிஃபுல் மாதிரி நீளமான சொல் என்றால் வாலைச் சேர்க்காமல் முன்னால் 'மோர்', 'மோஸ்ட்'. 'மோர் பெட்டர்' என்று எழுதினால், 'பெட்டர்' என்பதற்குள்ளேயே 'விட' இருக்கிறது, எதற்கு இரண்டு முறை என்று கேளுங்கள்.

பரீட்சைக்கு டிகிரி, அதாவது ஒப்பிட்டுச் சொல்லும் விதம், மாற்றச் சொல்வார்கள், 'நோ அதர்' என்று தொடங்குவது, 'தேன் எனி அதர்' என்பது. மனப்பாடம் செய்து பிள்ளைகள் குழம்பும் இடம் அது. 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 'தமிழ்நாட்டிலேயே உயரமான மலை'. 'தமிழ்நாட்டில் மற்ற எல்லா மலைகளையும்விட உயரம்'. 'தமிழ்நாட்டில் அவ்வளவு உயரமான மலை வேறு இல்லை'. ஒரே செய்தி, மூன்று விதம். கடைசி வாக்கியம்தான் 'நோ அதர்'. முதலில் தமிழில் மூன்றையும் அவளையே சொல்லவிடுங்கள்.

'கோ, வென்ட், கான்' டேபிளை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 'கோ'வுக்கு 'வென்ட்' என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அது உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம், 'செண்ட்' 'சென்ட்' ஆவதுபோல. 'கோ'வுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறு வடிவம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் 'வென்ட்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நம்மிடமும் வா என்பது வந்தான், வருவான் என்று உருமாறுகிறது. கேள் என்பது கேட்டான் ஆகிறது. அதை நாம் காதால் படித்தோம், இதை அவள் வாய்ப்பாடு மாதிரி படிக்க வேண்டியிருக்கிறது. படிக்கட்டும்.

வரும் ஞாயிறு பாட்டி வீட்டுக்குப் போய்வந்த பிறகு, நடந்ததை முதலில் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ஒவ்வொரு வினைச்சொல்லாக எடுத்து, 'இது போனேனா, போயிருக்கிறேனா, போய்க்கொண்டிருந்தேனா' என்று கேட்டு எழுதவையுங்கள். பாட்டி பாட்டியாகவே இருக்கட்டும், 'பாட்டீஸ் ஹவுஸ்' என்று ஒரு எஸ் மட்டும் சேர்த்தால் போதும். எழுதியதைத் திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்க்கிறேன்.