வலி இல்லாத கட்டியை எத்தனை நாள் பொறுக்கலாம்?

கேள்வி: என் தந்தைக்கு வயது 58. அவருடைய முதுகின் மேல்பகுதியில், தோலுக்கு அடியில், பல ஆண்டுகளாக ஒரு கட்டி இருக்கிறது. முன்பு கோலிக்குண்டு அளவில் இருந்தது. கடந்த சில மாதங்களில் நன்றாகப் பெரிதாகிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரிடம் போகலாம் என்றால், ‘வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்று மறுத்துவிடுகிறார். அவர் சொல்வது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சரியல்ல. உங்கள் தந்தையை இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். அவருக்குப் பெரிய நோய் இருக்கிறது என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாகவே இருக்கும். தொட்டால் மென்மையாக, விரலுக்கு நழுவிக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாக வளரும் அந்தக் கட்டியால் உயிருக்கு ஆபத்தில்லை. உறுத்தலோ தோற்றமோ தொல்லை தராவிட்டால் அதை எடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பல ஆண்டுகள் அப்படியே இருந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்வது கொழுப்புக் கட்டியின் வழக்கமான போக்கு அல்ல என்பதால்தான் அவசரப்படுத்துகிறேன்.

வலியை அளவுகோலாகக் கொள்வது பலரைத் தாமதப்படுத்திவிடுகிறது. சீழ்க்கட்டி தாங்க முடியாமல் வலிக்கும். உரிய சிகிச்சை தந்தால் சில நாட்களில் அடங்கிவிடும். புற்றுநோய்க் கட்டிகளோ, தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலி வந்தபின் போகலாம் என்று இருப்பவர், எளிதாகக் குணப்படுத்தக்கூடிய காலத்தையே கைவிடுகிறார். ஆகவே வலியை விட்டுவிட்டு, கட்டி மாறுகிறதா என்பதைப் பாருங்கள். ஒரு ரூலரை அருகில் வைத்துப் படம் எடுத்துத் தேதியைக் குறித்துவைத்தால், ‘பெரிதானது போல இருக்கிறது’ என்ற ஐயம் போய், மருத்துவரிடம் காட்ட ஒரு சான்று கிடைக்கும்.

கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும், வளர்ந்துகொண்டே இருந்தாலும், கெட்டியாக அடித்திசுவோடு ஒட்டி அசையாமல் இருந்தாலும், முன்பு அறுவைச் சிகிச்சையில் எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தசையை இறுக்கும்போது அதுவரை நகர்ந்த கட்டி நகராமல் நின்றுவிட்டால், அது தோலடியில் இல்லாமல் ஆழத்தில் இருக்கக்கூடும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் தோன்றும் ‘சார்கோமா’ என்னும் புற்றுநோய் மிக அரிது. ஆயினும் அது இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் மற்றதைப் பேச வேண்டும். பொதுவாக முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

சில இடங்களில் வரும் கட்டிக்கு இந்த அளவுக் கணக்கெல்லாம் பொருந்தாது. மார்பகத்திலும் விரையிலும் புதிதாகத் தட்டுப்படும் கட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காட்டிவிட வேண்டும். மார்பகக் கட்டி ஆண்களுக்கு வந்தாலும் அப்படித்தான். கழுத்தின் அடியில், காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் தோன்றும் கட்டி, நெஞ்சிலோ வயிற்றிலோ இருக்கும் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தோலின் மேற்பரப்பில் மச்சம் உருவமோ நிறமோ மாறினாலும், சிறு முண்டு அடிக்கடி இரத்தம் கசிந்தாலும், ஒரு புண் நான்கு வாரங்களாகியும் ஆறாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருநிறத் தோல் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோயே வராது என்று நம்பியிருப்பது தவறு. அவர்களுக்கு அது உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றக்கூடும். பழைய தீக்காயத் தழும்பிலும் வரலாம். யாரும் பார்க்காத இடங்கள் என்பதாலேயே இவை தாமதமாகத் தெரியவருகின்றன.

‘ஊசி குத்தினால், கத்தி பட்டால் பரவிவிடும்’ என்ற அச்சம் உங்கள் தந்தைக்கும் இருக்கலாம். கட்டியிலிருந்து சிறிதளவு எடுத்துச் சோதிக்கும் திசுப் பரிசோதனையை முறையாகச் செய்தால், அதனால் நோய் பரவுவது மிக மிக அரிது. அந்தப் பரிசோதனை இல்லாமல் சரியான சிகிச்சையைத் தீர்மானிக்கவும் முடியாது.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சளி பிடித்து, தொண்டை வலி வந்து குணமான பிறகும் கழுத்தின் பக்கவாட்டில் இரண்டு சிறு கட்டிகள் தட்டுப்படுகின்றன. பயப்பட வேண்டுமா?

பதில்: தொற்றை எதிர்க்கும்போது நிணநீர் முடிச்சுகள் வீங்குவதைத்தான் நெறி கட்டுதல் என்கிறோம். குழந்தைகளிடம் இது மிகச் சாதாரணம். ஒரு சென்டிமீட்டருக்குள் இருந்து, மென்மையாக நகர்ந்துகொடுத்தால், சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாம். சளி போன அன்றே அவையும் மறைந்துவிட வேண்டும் என்பதில்லை. தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். நான்கு வாரங்களுக்குப் பிறகும் சுருங்காவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, விடாத காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தாலோ உடனே காட்டுங்கள். காசநோயும் கழுத்து நெறியாக வெளிப்படுவதுண்டு. அதை மாத்திரைகளாலேயே குணப்படுத்த முடியும். ஆனால் பல மாதங்கள் இடைவிடாமல் சாப்பிட வேண்டும்.

கேள்வி: என் காதுக்குப் பின்னால் கரும்புள்ளியுடன் ஒரு கட்டி உள்ளது. அழுத்தினால் நாற்றத்துடன் வெள்ளையாக வெளியேறுகிறது. சில மாதங்களில் மீண்டும் நிரம்பிவிடுகிறது. ஏன்?

பதில்: தோலின் செல்கள் உதிர்ந்து ஒரு பைக்குள் சேர்வதே இந்தக் கட்டி. நீங்கள் பிதுக்குவது பையில் உள்ள பொருளைத்தான். பை உள்ளேயே இருப்பதால் மீண்டும் நிரம்புகிறது. அழுத்தும்போது பை உட்புறமாக உடைந்தால், சுற்றியுள்ள திசு சிவந்து வீங்கிவிடும். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து கட்டி வலிக்கத் தொடங்கினாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாத அமைதியான காலத்தில், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பையோடு முழுமையாக எடுத்துவிடலாம். எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.