ஊர்வலத்தில் ஊதுவது இழிவா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகன், சர்ச் பேண்டில் டிரம்பெட் பழகியவன், இப்போது கல்யாண ஊர்வலம், சாவு ஊர்வலம் என்று எல்லாவற்றுக்கும் ஊதப் போகிறான். கிளிஃபோர்ட் பிரவுன் என்ற அமெரிக்க ஜாஸ் கலைஞரைப் போல ஆவேன், சொந்தமாக மெட்டும் அமைப்பேன் என்கிறான். இருபத்தைந்து வயதில் செத்துப்போனவரைப் பின்பற்றி என்ன கௌரவம் வரப்போகிறது? பொறியியல் படித்துக் கௌரவமாக வாழச் சொல்லி நீங்களாவது அவனுக்கு எழுதக் கூடாதா?
- பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகர், அனுப்பானடி, மதுரை

பதில்: உங்கள் கடிதத்தில் கௌரவம் இரண்டு முறை வருகிறது, பையன் எப்படி வாசிக்கிறான் என்பது ஓரிடத்திலும் வரவில்லை. ஆகவே அவனுக்கு எழுதுவதைவிட உங்களுக்கு எழுதவே எனக்கு நிறைய இருக்கிறது.

அந்த மரணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1930இல் வில்மிங்டன் நகரில் பிறந்த பிரவுன், 1956 ஜூன் 26 அன்று, அடுத்த கச்சேரிக்காகச் சிகாகோ நோக்கிப் போகும்போது மழை பெய்த சாலையில் கார் விபத்தில் இறந்தார். வண்டியை ஓட்டியவர் அவர் அல்லர், குழுவின் பியானோ கலைஞருடைய மனைவி. அக்கால ஜாஸ் உலகில் பலரைக் காவுகொண்ட ஹெராயின் என்ற போதைப்பொருள் பக்கம் பிரவுன் தலைவைத்தும் படுத்ததில்லை. கச்சேரிக்குப் போகும் வழியில் விபத்து நம் நாகஸ்வரக்காரர்களுக்கும் நேர்வதுண்டு. அதற்காக வாத்தியத்தை யாரும் பழிப்பதில்லை.

வாழ்ந்த விதத்தைப் பாருங்கள். கல்லூரியில் அவர் முதலில் எடுத்தது கணிதம் என்பது உங்களுக்குப் பிடிக்கும். இசைக்காக வேறு கல்லூரிக்கு மாறினார் என்பது பிடிக்காது. 1950இல் நேர்ந்த இன்னொரு விபத்தால் மாதக்கணக்கில் டிரம்பெட்டைத் தொட முடியாமல் பியானோ வாசித்தார். 1952இல் அவர் வாசிப்பு முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியதுகூட ஜாஸ் மேதைகளோடு அல்ல, ஜனங்கள் ஆடுவதற்காக வாசிக்கும் ஒரு குழுவோடுதான். 1954இல் டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சுடன் ஐவர் குழு அமைத்தார். ஆக, இசைத்தட்டில் அவர் வாழ்ந்தது நான்கு ஆண்டுகளே. அதற்குள் 'ஜாய் ஸ்பிரிங்', 'டாஹூத்', 'சாண்டு' என்று இன்றும் ஜாஸ் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் மெட்டுகளைத் தந்துவிட்டார். 'ஜாய் ஸ்பிரிங்'கின் தொடக்க மெட்டு, உடனே அரைச் சுருதி மேலேறித் திரும்ப வரும். ஆதார சுருதி அசையாத மரபில் ஊறிய காதுக்கு நின்ற தரையே நகர்ந்தாற்போலிருக்கும். அப்படி நகரும் சுருதியின் மேல், கற்பனை ஸ்வரம் பாடுவதுபோல அந்த நொடியில் தோன்றுவதை, தாளம் பிசகாமல் வாசிக்க வேண்டும். இதற்கு அசுர சாதகம் வேண்டும். உங்கள் மகனிடம் அது இருக்கிறதா என்பதைத்தான் நீங்கள் எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

சாவு ஊர்வலம் என்று முகம் சுளிக்கிறீர்கள். ஜாஸ் வளர்ந்த அமெரிக்க நகரமான நியூ ஆர்லியன்ஸில் பேண்டுக் குழுக்களின் முக்கியமான வேலைகளில் ஒன்றே அதுதான்: கல்லறைக்குப் போகும்போது நிதானமான துதிப்பாடல், திரும்பும்போது துள்ளல். அந்த ஊரின் டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1913இல் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டபோது, அங்கிருந்த பேண்டில் சேர்ந்துதான் முறையாகக் கற்றார். வெயிலில் நாலு தெரு நடந்துகொண்டே ஊதுபவனுக்கு உதட்டுத் தெம்பும் மூச்சும் தாமாக வரும். எந்நேரமும் உரக்க ஊதிப் பழகினால் மென்மையாக வாசிப்பது கைவிட்டுப் போகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; அதை அவன் வீட்டுச் சாதகத்தில் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வருமானத்தைப் பற்றி உங்கள் கவலை நியாயமானது. மதுரையில் ஜாஸ் மட்டும் வாசித்துக் குடும்பம் நடத்த முடியாது. சென்னையிலும் கடினம், சினிமாப் பதிவுகளில் கீபோர்டு புகுந்த பிறகு நிஜ டிரம்பெட்டுக்கு அழைப்பு குறைந்துவிட்டது. இந்தியாவின் ஆம்ஸ்ட்ராங் என்று பெயரெடுத்த கோவாக்காரர் சிக் சாக்லேட்கூட பம்பாயில் ஹோட்டல் மேடையோடு சினிமா ஸ்டுடியோவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் காலம் தள்ளினார். அவரைப் போன்ற கோவாக் கலைஞர்களுக்கு ஸ்டுடியோவில் மவுசு இருந்ததற்குக் காரணம், மாதாகோயில் பள்ளிகளில் கற்ற மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு. உங்கள் மகன் காதால் கேட்டு மட்டும் வாசிப்பவனென்றால், மெட்டு அமைக்கும் ஆசையைப் பேசுமுன் அந்தக் குறிப்பை எழுதவும் படிக்கவும் கற்கட்டும். லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைத் தேர்வுகளைப் படிப்படியாக எழுதினால் அதற்கு ஒரு ஒழுங்கு கிடைக்கும்.

பொறியியல் கலந்தாய்வுக்கு அவன் விண்ணப்பிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கல்லூரியை மதுரையிலேயே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், மாலையில் அவன் பேண்டு குழுவோடு இருக்க வேண்டும். விடுதியில் சேர்த்து டிரம்பெட்டை வீட்டில் பூட்டிவைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள்.