டி.வி.யில் வந்தால் வரலாற்றாசிரியரா?

கேள்வி: பிரிட்டனின் டி.வி. வரலாற்றுத் தொடர்களில் வரும் மைக்கேல் வுட் டாக்டர் பட்டத்தைக்கூட முடிக்காதவர். கேமரா முன்னால் நடந்துகொண்டே பேசுகிறவரை எல்லாம் வரலாற்றாசிரியர் என்பது சரியா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: முடிக்கவில்லைதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலோ-சாக்சன் (இங்கிலாந்தின் தொடக்க இடைக்கால) வரலாற்றில் மூன்றாண்டு ஆய்வு செய்தவர், பாதியில் விட்டுவிட்டு ஐ.டி.வி. என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் செய்தியாளராகப் போனார். ஆனால் படிப்பை ஏறக்கட்டவில்லை. டி.வி.யில் பெயர் வாங்கிய பிறகும் பத்தாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னர் ஏதல்ஸ்டன் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். 2013-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியர் ஆக்கியது. பட்டம் இல்லாதது பல்கலைக்கழகத்துக்கே உறுத்தவில்லை. உங்களுக்கு ஏன் உறுத்துகிறது?

உறுத்த வேண்டியது வேறு. நிமிடத்துக்கு 150 சொல் என்று மூச்சுவிடாமல் பேசினாலும் ஒரு மணி நேரத்துக்கு 9,000 சொல்தான். கோபுரம், கடல், இசை எல்லாவற்றுக்கும் இடம்விட்டால் பாதிகூட மிஞ்சாது. புத்தகத்தில் அது ஓர் அத்தியாயம். வுட்டின் இந்திய வரலாற்றுத் தொடர் (2007) மொத்தம் ஆறு பகுதி. குப்தர்களும் சோழர்களும் ஒரே பகுதிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எடிட்டிங்கில் முதலில் பலியாவது 'இருக்கலாம்', 'சிலர் இதை ஏற்பதில்லை' போன்றவை. கேமராவைப் பார்த்துப் பேசும் அரை நிமிடத்தில் ஐயத்தைச் சொன்னால், ஆள் தடுமாறுகிறார் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும்.

அடுத்து, படத்துக்கு அடங்காதவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பட்டியல் இருக்கிறது: பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஒரு பங்குக்கு 100 கலம் நெல். (உங்கள் ஊரிலிருந்து 40 கிலோமீட்டர்தான், போய்ப் பாருங்கள்.) சோழர் காலப் பொருளாதாரம் அந்தப் பட்டியலில் கிடக்கிறது. கேமராவோ கருவறை மேலுள்ள விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். நெல் கணக்கை வாசித்தால் சேனலை மாற்றிவிடுவோமே!

படமே இல்லாமலும் செய்திருக்கிறார்கள். 1957-இல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ஏ.ஜே.பி. டெய்லர் கையில் ஒரு சீட்டுகூட இல்லாமல் ரஷ்யப் புரட்சி பற்றி ஐ.டி.வி.யில் அரை மணி நேரச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இன்று எந்தச் சேனல் அதற்கு நேரம் ஒதுக்கும்?

ஆகவே பட்டத்தைப் பார்க்காதீர்கள். தொடரில் அடித்துச் சொன்ன ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அவர் எழுதியதில் அதே இடத்தைத் தேடுங்கள். ஒளிபரப்புத் தேதிக்காக அவசரமாக அச்சேறும் துணைநூல் இதற்கு உதவாது. நிதானமாக எழுதிய நூலாக இருக்கட்டும். அங்கே சான்றும் மறுப்பும் இருந்தால் ஆள் வரலாற்றாசிரியர். அங்கேயும் அதே அடித்துச் சொல்லல்தான் என்றால், மூன்று டாக்டர் பட்டம் இருந்தாலும் அவர் தொகுப்பாளர் மட்டுமே.