கடுங்குளிர் வால்வுக்கு ஏன் அவ்வளவு நீளக் கழுத்து? கழற்றிப் பழுதுபார்ப்பது எப்படி?

டர்பன் மருத்துவமனைகளின் பின்புறம் நிற்கும் திரவ ஆக்சிஜன் தொட்டிகளைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்வி இது. திரவ ஆக்சிஜன் -183 டிகிரி, திரவ நைட்ரஜன் -196 டிகிரி செல்சியஸ். இவை ஓடும் குழாயைத் திறந்து மூடுவதுதான் கடுங்குளிர் வால்வு.

வால்வில் அடிக்கடி தேய்வது, கைப்பிடியிலிருந்து உள்ளே இறங்கும் தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் பேக்கிங். அது குளிரில் சுருங்கி இறுகும். தண்டில் பனிக்கட்டி பிடித்தால் அது பேக்கிங்கையே கீறிவிடும். அதனால்தான் பேக்கிங்கைக் குளிரிலிருந்து தள்ளி, நீளக் கழுத்தின் உச்சியில் வைக்கிறார்கள். கழுத்துக்குள் ஏறும் திரவம் ஆவியாகி அங்கேயே தேங்கும். அந்த ஆவியே குளிர் மேலேறாமல் தடுக்கும். காவடி அன்னதானத்தில் கொதிக்கும் அண்டாவைக் கிளற நீளக் காம்புக் கரண்டி எடுப்போமே, அதே கணக்கு. ஆனால் ஒன்று, வால்வைப் படுக்கையாகப் பொருத்தினால் திரவம் பேக்கிங் வரை வந்துவிடும், எல்லாம் வீண்.

வால்வை மூடும்போது அடைப்பான் போய் அழுந்தும் உள்வளையமான இருக்கை தேய்ந்தால்? நல்ல வடிவமைப்பில் மூடியைக் கழற்றி எல்லாவற்றையும் மேல்வழியே உருவலாம். வால்வின் உடல் குழாயோடு பற்றவைத்தபடியே இருக்கும். சுற்றிலும் வெப்பம் புகாத காப்புப்பொருள் நிரம்பிய இடத்தில் இந்த வசதியின் அருமை தெரியும்! அதற்கு முன் குழாயைத் தனிமைப்படுத்தி, திரவத்தை வெளியேற்றி, வால்வைச் சூடேற விட வேண்டும். உள்ளே சிக்கிய திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 மடங்கு விரியும். விளையாட்டில்லை.

அப்புறம், கழுத்தின் அடியில் வெண்பனி படிந்தாலே கசிவு என்று பலர் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் காற்றிலுள்ள ஈரம் உறைவதுதான், பனி பேக்கிங் வரை ஏறினால்தான் ஆளைக் கூப்பிட வேண்டும்.