மாமிக்கு எழுதிய வாந்தி மாத்திரையை வீட்டில் மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் ஊர் தேங்காப்பட்டணம் பக்கம். என் மாமிக்கு (கணவரின் அம்மா) 63 வயது. மார்பகப் புற்றுநோய்க்காகத் திருவனந்தபுரத்தில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிவப்பு மருந்து (கீமோ) ஏற்றுகிறார்கள். இரண்டு முறை முடிந்துவிட்டது. வாந்திக்கு ஒன்டான்செட்ரான் 8 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் மூன்று நாள் கொடுக்கச் சொன்னார்கள். கூடவே எழுதித் தந்த ஓலன்சபின் மனநோய்க்கான மருந்து என்று பக்கத்து வீட்டுத் தம்பி போனில் பார்த்துச் சொன்னான். அதனால் அதைக் கொடுக்கவில்லை. முதல் நாள் நன்றாக இருப்பார், இரண்டாம் மூன்றாம் நாள் குமட்டிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த முறை ஒன்டான்செட்ரானை ஒரு வாரம் கொடுத்தேன். இப்போது நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை. பி.பி.க்கு நீர் மாத்திரை சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். நெஞ்செரிச்சலுக்கு மெடிக்கலில் பேன்டோபிரசோல், டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் வாங்கித் தருகிறேன். போன மாதம் என் இரண்டு வயதுப் பையனுக்கு வாந்தி பேதி வந்தபோது மாமியின் மாத்திரையில் பாதி கொடுத்தேன், நின்றுவிட்டது. முதல்முறையாக விசைப்படகில் போகப்போகும் கொழுந்தனும் கேட்கிறான். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். மாமிக்கு நாலு நாளாக மலம் போகவில்லை என்கிறீர்கள். கூடவே வயிறு உப்பியிருக்கிறதா, காற்றாவது பிரிகிறதா, வயிற்றுவலி விட்டுவிட்டு முறுக்குகிறதா என்று உடனே பாருங்கள். உப்பலும் வலியும் இருந்து காற்றும் பிரியவில்லை என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம். இன்றைக்கே ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். குடல் அடைபட்டிருந்தாலும் வாந்தி வரும். இந்த மாத்திரை அந்த வாந்தியையும் அடக்கி, நோயை மறைத்துவிடும்.

அப்படி எதுவும் இல்லை, வெறும் மலச்சிக்கல்தான் என்றால் அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்டான்செட்ரான்தான். பெருங்குடலின் அசைவை அது மெதுவாக்கும். மூன்று நாள் கொடுத்தாலே சிலருக்கு மலம் இறுகிப்போகும், நீங்கள் ஏழு நாள் கொடுத்திருக்கிறீர்கள். புற்றுநோய்ப் பிரிவுக்குப் போன் செய்து, லாக்டுலோஸ் போல ஒரு மலமிளக்கி சிரப் எவ்வளவு கொடுக்கலாம் என்று கேளுங்கள். அடுத்த தவணைக்கு முதல் நாளிலிருந்தே அது வேண்டியிருக்கலாம். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். பப்பாளி, நன்றாகக் கழுவி வேகவைத்த கீரை எல்லாம் கொடுக்கலாம். ஆசனவாய் வழியாக எனிமாவோ மருந்தோ வைக்க வேண்டாம். கீமோ எடுப்பவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும்.

சரி, மூன்றாம் நாள் குமட்டல் ஏன் அடங்கவில்லை? உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான், ஏனென்றால் அந்த அம்மா பட்ட பாட்டில் பாதியைத் தவிர்த்திருக்கலாம்.

கீமோ மருந்து உடம்பில் இறங்கியதும் குடலின் உட்சுவரில் உள்ள சில செல்கள் செரடோனின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. அது வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பைத் தூண்ட, வாந்தி வருகிறது. ஒன்டான்செட்ரான் அந்தச் செரடோனின் போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. முதல் 24 மணி நேரத்தில் வரும் வாந்திக்கு இது அருமையான மருந்து. இரண்டாம் நாளுக்குப் பிறகு வரும் குமட்டல் பெரும்பாலும் வேறு வழியாக, மூளையிலேயே கிளம்புவது. அங்கே ஒன்டான்செட்ரானுக்கு அவ்வளவு பிடி கிடையாது. எத்தனை நாள் கூட்டிக் கொடுத்தாலும் மலச்சிக்கலும் தலைவலியும்தான் கூடும்.

அந்தத் தாமதக் குமட்டலுக்காகத்தான் டெக்சாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின் போன்றவற்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. ஓலன்சபின் மனநோய்க்கும் கொடுக்கும் மருந்துதான். ஆனால் குமட்டலைக் கிளப்பும் பல வாசல்களை அது ஒரே சமயத்தில் அடைப்பதால், இன்று கீமோ வாந்திக்கு உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். சிறிய அளவில், சில நாள்கள் மட்டும்தான். உங்கள் மாமிக்கு மனநோய் என்று யாரும் நினைத்து எழுதவில்லை. இந்த மாத்திரை தூக்கம் வரவைக்கும் என்பதால் இரவில் கொடுக்கச் சொல்வார்கள். மறுநாள் காலையில் எழும்போது தலை கிறுகிறுக்கலாம், கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இன்னும் பயமாக இருந்தால் எழுதித் தந்த மருத்துவரிடமே கேளுங்கள். கேட்காமல் நிறுத்துவதுதான் தவறு. டெக்சாமெத்தசோன் இருந்தால் காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அந்த நாள்களில் சர்க்கரை ஏறும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் இன்னொரு காரியமும் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று தவணைகளில் வாந்தியைச் சரியாக அடக்காவிட்டால், அடுத்த தடவை மருந்து ஏறுவதற்கு முன்பே குமட்டல் தொடங்கிவிடும். குழித்துறையில் ரயில் ஏறும்போதே, சிலருக்கு ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுக்கும்போதே ஓங்கரிப்பு வரும். அது நடிப்பு அல்ல, மனசு கற்றுக்கொண்டுவிட்ட வாந்தி. அந்த நிலைக்கு வந்த பிறகு ஒன்டான்செட்ரான் பெரிதாகக் கேட்காது. அதனால் அடுத்த தவணைக்கு மாத்திரைகள் எல்லாவற்றையும் சொன்ன நேரத்தில், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் கொடுங்கள். வாந்தி தொடங்கிவிட்டால் மாத்திரை உள்ளே தங்குவதே சிரமம். விழுங்கி அரை மணி நேரத்துக்குள் மாத்திரையே வெளியே வந்துவிட்டால் மறுபடி ஒன்று கொடுக்கலாமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வாந்தி எடுத்தால் கூடுதல் மாத்திரை வேண்டாம், அடுத்த வேளை வரை பொறுங்கள். நாக்கில் கரையும் வகை என்றால் உலர்ந்த கையால் அட்டையின் தாளை உரித்து எடுத்து, நாக்கின் மேல் வைத்தால் போதும். அழுத்திப் பிதுக்கினால் உடைந்துவிடும். கரைந்ததை உமிழ்நீரோடு விழுங்க வேண்டும்.

கடற்கரை வீட்டில் மீன் வாடையைத் தவிர்ப்பது எளிதல்ல என்று தெரியும். ஆனாலும் அந்த மூன்று நாலு நாள் கருவாடு உலர்த்துவதையும் மீன் பொரிப்பதையும் அவர் படுக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள். சூடான குழம்பைவிட ஆறிய, வாசனை குறைந்த சாப்பாடு இறங்கும். கஞ்சியும் பயறும் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள்.

அடுத்து அந்த நெஞ்செரிச்சல் கேப்சூல். மெடிக்கலில் கேட்டால் எளிதாகக் கிடைப்பதால் பலரும் இதை வெறும் கேஸ் மாத்திரை என்றே நினைக்கிறார்கள். அதில் உள்ள டோம்பெரிடோனும் ஒரு வாந்தி மருந்துதான். வழக்கமாக விற்கும் கேப்சூலில் 30 மி.கி. மெதுவாகக் கரையும் டோம்பெரிடோன் இருக்கிறது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு என்று வைத்த உச்ச அளவே அந்த 30 மி.கி.தான், அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றது. காரணம் இதயம். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னூட்டம் பெற்று அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரத்தை டோம்பெரிடோன் நீட்டுகிறது. ஒன்டான்செட்ரானும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் நீட்டமும் சேரும். ரொம்ப நீண்டுவிட்டால் இதயம் தாளம் தப்பி ஓடும், ஆள் மயங்கி விழலாம்.

சாதாரண அளவில் ஒன்டான்செட்ரான் மாத்திரை மட்டும் சாப்பிடும் ஒருவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, அதை நினைத்து மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். உங்கள் மாமிக்கு மட்டும் ஏன் சொல்கிறேன் என்றால், அவரிடம் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. 60 வயது தாண்டியவர். வாந்தியும் நீர் மாத்திரையும் சேர்ந்து ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கின்றன. சிவப்பு மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத் தசையைச் சோர்வாக்கக்கூடியது, அதனால்தான் அதைத் தொடங்கும் முன் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறார்கள். அதற்கு மேல் டோம்பெரிடோன். நாளை சளி, இருமல் என்று யாராவது அசித்ரோமைசினோ லீவோஃப்ளாக்சசினோ கொடுத்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். ஆகவே டோம்பெரிடோன் சேர்ந்த அந்தக் கேப்சூலை நிறுத்திவிடுங்கள். நெஞ்செரிச்சலுக்குப் பேன்டோபிரசோல் மட்டும் உள்ளதைத் தரலாமா என்று புற்றுநோய்ப் பிரிவில் கேளுங்கள். ஒரு ஈ.சி.ஜி.யும், பொட்டாசியம், மெக்னீசியம் ரத்தப் பரிசோதனையும் தேவையா என்றும் கேளுங்கள். நெஞ்சு படபடப்பு, கண் இருட்டல், மயக்கம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். வலிக்கு டிரமடால் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். ஒன்டான்செட்ரான் அதன் வலி குறைக்கும் திறனைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து அபூர்வமாகச் செரடோனின் அளவுமீறி, நடுக்கம், காய்ச்சல், பதற்றம் வருவதும் உண்டு.

மருந்து ஒரு பெயரில் திருவனந்தபுரத்திலும், வேறு பெயரில் மார்த்தாண்டத்திலும் கிடைக்கும். எமசெட், ஒன்டெம், வாமிகைண்ட் எல்லாமே ஒன்டான்செட்ரான்தான். வாந்தி நிற்கவில்லை என்று உள்ளூர் மருத்துவரிடம் போனால், அவர் வேறு பெயரில் அதையே எழுதக்கூடும். வீட்டில் இரண்டும் சேர்ந்து ஓடும். பழைய அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுவதுதான் பாதுகாப்பு.

காய்ச்சலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருந்து ஏற்றி ஒரு வாரம், பத்து நாள் கழித்து வாந்தியோ பேதியோ வந்தால் அது கீமோ வாந்தி என்று நினைத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாள்கள் அவை. 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

இப்போது பையன். போன மாதம் கொடுத்ததை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரே ஒரு வேளை, அதுவும் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் இனி அப்படிக் கொடுக்க வேண்டாம். குழந்தைகளுக்கு இந்த மருந்தை எடை பார்த்துத்தான் கொடுப்போம். 8 முதல் 15 கிலோ வரை உள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 2 மி.கி. உங்கள் பாதி மாத்திரை 4 மி.கி., அதாவது இரண்டு வயதுக் குழந்தைக்கு இரு மடங்கு. வாந்தி பேதியில் ஓ.ஆர்.எஸ். உள்ளே தங்கவே இல்லை என்றால் மருத்துவர் ஒரே ஒரு வேளை கொடுப்பார். தொடர்ந்து கொடுத்தால் பேதி கூடலாம்.

குழந்தையைக் காப்பாற்றுவது ஓ.ஆர்.எஸ்.தான். பொட்டலத்தில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அதே அளவில் கரையுங்கள். 200 மி.லி. பொட்டலமும் உண்டு, ஒரு லிட்டர் பொட்டலமும் உண்டு, மாற்றிவிடாதீர்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்துவிட்டு, ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஊட்டுங்கள். தாகத்தில் டம்ளரோடு கேட்பான், கொடுத்தால் அப்படியே திரும்ப வரும். இடையில் உப்புப் போட்ட கஞ்சி வெள்ளம் கொடுக்கலாம். பாக்கெட்டில் வரும் பழச்சுவை இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். ஆகாது, அவற்றின் சர்க்கரை பேதியைக் கூட்டும். பேதிக்குத் துத்தநாக மருந்து 20 மி.கி. வீதம் 14 நாள் கொடுப்பார்கள், பேதி நின்றாலும் முடிக்க வேண்டும். வாந்தி பச்சையாக வந்தாலும், ரத்தம் தெரிந்தாலும், ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டாலும், கண் குழிந்து குழந்தை துவண்டு கிடந்தாலும், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி வந்தாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

கொழுந்தனுக்கு இந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை. கடலில் படகு ஆடும்போது வரும் வாந்தி உள்காதிலிருந்து கிளம்புவது, ஒன்டான்செட்ரான் அந்தப் பக்கமே போகாது. அதற்கென்று சின்னரிசின், டைமென்ஹைட்ரினேட், புரோமெத்தசின் போன்றவை உண்டு. கிளம்புவதற்கு முன்பே சாப்பிட வேண்டும். எல்லாமே தூக்கம் வரவைப்பவை. வலை இழுக்கும் வின்ச்சும் கயிறும் ஓடும் தளத்தில் தூக்கக் கலக்கத்தோடு நிற்பது வாந்தியைவிட ஆபத்து. அதனால் கரையில் இருக்கும்போதே ஒரு நாள் சாப்பிட்டு உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும், குடியோடு சேர்க்கவே கூடாது. முதல் நாள் படகின் நடுப்பகுதியில், தொடுவானத்தைப் பார்த்தபடி இருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும்.

மீதி மாத்திரைகளை அட்டையோடு, மாமியின் சீட்டோடு சேர்த்து, பையனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அடுத்த தவணைக்குப் போகும்போது எடுத்துப் போய், மீதி எத்தனை என்று காட்டி, ஓலன்சபின் கொடுக்காததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அங்கே சொல்லவில்லை என்றால், மாத்திரை எல்லாம் சாப்பிட்டும் வாந்தி நிற்கவில்லை என்று நினைத்து, தேவையில்லாத வலுவான மருந்துக்கு மாற்றிவிடுவார்கள்.