மெயிலைத் திறந்தால் தமிழ் நன்றாகத் தெரிகிறது, சப்ஜெக்ட் வரியில் மட்டும் குப்பையாக வருகிறதே, ஏன்?

சப்ஜெக்ட் வரி போகிற பாதையே வேறு. மெயிலின் உள்ளடக்கத்துக்கு 'இது யுடிஎஃப்-8' என்று, அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிய குறியாக்க முறை எது என்று, தனியாக ஒரு குறிப்பு உண்டு. சப்ஜெக்ட், அனுப்புநர் போன்ற ஹெடர் வரிகளோ ஆஸ்கி எழுத்துகளை (ஆங்கில எழுத்துகள், எண்கள், சில குறிகள்) மட்டும் நினைத்து வகுக்கப்பட்டவை. அதனால் தமிழ் சப்ஜெக்ட்டை ஆஸ்கியாக மாற்றி =? என்று தொடங்கி ?= என்று முடிகிற பொட்டலங்களாக அனுப்பச் சொல்கிறது 1996-இல் வந்த ஆர்எஃப்சி 2047 என்ற இணைய விதி ஆவணம். எந்தக் குறியாக்கம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கும்.

இப்போது குப்பையைக் கவனித்துப் பாருங்கள், காரணம் அதிலேயே தெரியும்.

தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால், அனுப்பியவர் பொட்டலம் கட்டாமல் பைட்டுகளை அப்படியே தள்ளிவிட்டிருக்கிறார், அல்லது குறியாக்கத்தின் பெயரைத் தவறாகப் போட்டிருக்கிறார். பெறுகிற மென்பொருள் மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பைட்டையும் ஓர் எழுத்தாகக் காட்டுகிறது. இது மீட்கக்கூடியது, பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன.

வெறும் கேள்விக்குறிகள் என்றால் கதை முடிந்தது. வழியில் ஏதோ ஒரு நிரல் தமிழே இல்லாத குறியாக்கத்துக்கு மாற்றிவிட்டது. எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

சப்ஜெக்ட் முழுக்கச் சரியாக இருந்து நடுவில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருகிறதா? எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இதில்தான். ஒரு பொட்டலம் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. உறை போக, பைட்டுகளை ஆஸ்கியாக மாற்றுகிற பேஸ்64 முறையில் 45 பைட்டுகள் கொள்ளும். யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி (ஓர் எழுத்தோ, அதோடு சேரும் கால், கொம்பு போன்ற துணைக்குறியோ) ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு, ஆக 15 குறிகள் கச்சிதமாக அடங்கும். நடுவே ஒரு இடைவெளி வந்தால் அது 1 பைட்டு. கணக்கு நழுவி, 45-ஆவது பைட்டில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற நிரல் ஓர் எழுத்தை இரண்டாகப் பிளந்துவிடும். எழுத்தைப் பிளக்கக்கூடாது என்று அந்த விதியிலேயே தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. சில மென்பொருள்கள் அடுத்தடுத்த பொட்டலங்களை முதலில் ஒட்டிவிட்டுப் பிரிக்கின்றன, அவற்றில் எழுத்து தப்பிவிடும். அதனால்தான் ஒரே மெயில் போனில் சரியாகவும் கணினியில் உடைந்தும் தெரியலாம்.

உங்கள் மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து சப்ஜெக்ட் வரியைப் பாருங்கள். பொட்டலம் இல்லை, அல்லது எழுத்து பிளந்திருக்கிறது என்றால் உங்கள் பக்கம் எதையும் மாற்ற வேண்டாம். அந்த வரியை அப்படியே நகலெடுத்து அனுப்பியவருக்குத் தெரிவியுங்கள். அனுப்பும் நிரலை எழுதுபவர் நீங்களே என்றால், ஹெடரைக் கையால் கட்டாமல், பைத்தானில் இருப்பது போன்ற மெயில் நூலகத்திடம் விட்டுவிடுங்கள்.