ஸ்விஃப்டைத் தாழ்த்தும் முன் டயரைக் கொஞ்சம் பாருங்கள்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். 2018 மாடல் ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு சேலம் போவோம். வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறது. தொப்பூர் மலைப்பாதையில் மழை பிடித்தால் பயமாக இருக்கிறது. டயருக்கு மேலே நாலு விரல் நுழைகிற இடைவெளியும் பார்க்க நன்றாக இல்லை. 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்கும், 16 அங்குல அலாய் ரிம்மில் 205/50 டயரும் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். ஷாக் அப்சார்பரை (ஷாக்) மாற்ற வேண்டாமாம். இப்போதிருக்கும் டயர் வண்டியோடு வந்ததுதான், பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டைகள்) இன்னும் தேயாமல் இருக்கிறது. என்ன செய்யலாம் சார்?

பதில்: எனக்கு உறுத்தியது அந்தப் பட்டன் விஷயம்தான். பட்டன் இருப்பதால் மட்டும் டயர் நல்ல டயர் ஆகிவிடாது. பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 4717 என்றால் 2017-ல் 47-வது வாரம் செய்தது. வெளிப்பக்கம் காணோம் என்றால் உள்பக்கம் இருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துவிட்டு மொபைல் டார்ச் அடித்துப் பாருங்கள். அத்தனை பழைய ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் அமுங்காது, பட்டன்களின் அடியில் மயிரிழை வெடிப்புகூடத் தெரியலாம். ஈர ரோட்டில் அதற்குப் பிடிமானம் எங்கிருந்து வரும்? தொப்பூர் பயத்தில் பாதி இதுதான் என்பேன்.

சாய்வுக்கும் டயருக்கும் சம்பந்தம் உண்டு. உங்கள் வண்டியின் டயர் அளவு 165/80 ஆர்14. அதாவது அகலம் 165 மி.மீ., ரப்பரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 132 மி.மீ. ரப்பர்; வளைவில் அது நெளியும். இதே ஸ்விஃப்டின் இசட்.எக்ஸ்.ஐ. மாடலுக்கு கம்பெனியே 185/65 ஆர்15 கொடுக்கிறது. ரப்பர் உயரம் 120 மி.மீ., அகலம் 20 மி.மீ. கூடுதல், மொத்த விட்டத்தில் வித்தியாசம் வெறும் 2 மி.மீ. ஸ்பீடோமீட்டர் ஏமாறாது, மட்கார்டிலும் உரசாது. என் ஓட்டு இதற்குத்தான். பக்கவாட்டில் 88 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள்.

205/50 ஆர்16 வேண்டாம். அதில் ரப்பர் 102 மி.மீ.தான். பெங்களூர் குழியில் ஒரு தடவை வேகமாக இறங்கினால் ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவே டயர் நசுங்கி, பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்துக்கொள்ளும். புடைத்த டயரைத் தூக்கிப் போடத்தான் வேண்டும். 16 அங்குலம்தான் ஆசை என்றால் 195/55, அதுவும் ரிம் வளையும் என்று தெரிந்தே.

சரி, ஸ்பிரிங். கம்பெனிக் கணக்குப்படி உங்கள் கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் உள்ள இடைவெளி) 163 மி.மீ. 40 போனால் மிச்சம் 123. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிறபடி கட்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரம், ஆனால் 3.7 மீட்டர் அகலம். ஸ்விஃப்டின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.45 மீட்டர்தான். அதனால் நடுவில் நிற்கும்போது நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும். வயிற்றை நோக்கி எழும்பி வருவது சுமார் 4.5 செ.மீ. மட்டுமே. அபார்ட்மென்ட் வாசலில் மேஸ்திரி தன் இஷ்டத்துக்குப் போட்ட ஒரு அடி அகல ஹம்ப் அப்படியில்லை. அந்த 10 செ.மீ. முழுசாக வண்டிக்கு அடியில் வந்து நிற்கும். சேலம் கிளம்பும் அன்று எல்லோரும் ஏறி, டிக்கியும் நிறைந்த பிறகு இறங்கி வந்து பின்டயருக்கு மேலே விரலை விட்டுப் பாருங்கள். நாலு விரல் நுழையாது. அந்த இடைவெளி எதற்கு என்று அப்போது புரியும்.

ஷாக்கை மாற்றாமல் ஸ்பிரிங் மட்டும் போடுவது இன்னும் மோசம். தாழ்த்தும் ஸ்பிரிங் குட்டை, அதோடு விறைப்பும் அதிகம். அது எகிறுவதை அடக்குகிற வேலை ஷாக்குடையது. 62,000 ஓடிய ஷாக் பழைய ஸ்பிரிங்கையே சமாளிக்கிறதா என்பது சந்தேகம். பானெட் ஓரத்தை ஓங்கி அழுத்திவிட்டு விடுங்கள். ஒரு தரம் எழும்பி நின்றால் சரி. ஊஞ்சல் மாதிரி இரண்டு மூன்று தரம் ஆடினாலோ, ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தாலோ ஆயுள் முடிந்தது. தாழ்த்திய வண்டியில் ஷாக் நகர இடமும் குறைவு; சின்ன மேட்டுக்கே பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் இடித்து முதுகெலும்பில் தெரியும்.

யாராவது ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டிவிடலாம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இருபத்தைந்து வயதில் என் பழைய மாருதி ஜென் காருக்கு அதைச் செய்துகொண்டவன் நான். ஜாக்கியில் தூக்கியபோது ஸ்பிரிங் தன் இடத்தில் லொடலொடவென்று ஆடியது. ஒரு மாதம் 'டக் டக்' சத்தத்தோடு சுற்றிவிட்டு, புது ஸ்பிரிங்குக்கு மறுபடி பணம் கொடுத்தேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ரோட்டில் யாரும் கேட்காமல் போகலாம், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் சமயத்தில் சர்வேயர் கேட்பார்.

ஆக, முதலில் 15 அங்குல ரிம்மும் புது டயரும். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் அந்த நாலு இலக்கத்தைப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். அடுத்த மாதம் நாலு ஷாக்கும் பம்ப் ஸ்டாப்பும், கையோடு வீல் அலைன்மென்ட். அப்புறம் ஒரு தடவை சேலம் போய் வாருங்கள். அதற்கு மேலும் இடைவெளி உறுத்தினால் எழுதுங்கள், 20 மி.மீ. மட்டும் தாழ்த்துவது பற்றிப் பேசலாம்.